ஒன்பதாவது பெயர்

அத்தியாயம் 14

ஆறு நாளாக எல்பியா வீட்டில் மாத்தே இலைத் தேநீர் ஒரு ஆளுக்குத்தான் ஊறுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ரவியோலியைப் பாதித் தட்டில் விட்டுவிட்டு, "உங்க ஓய்வூதியத்தைக் காப்பாத்த நாங்க இன்னும் எவ்வளவும்மா கட்டணும்?" என்று கேட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போன மகள் லூர்தெஸ், அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. வீடு என்னவோ ஒன்பது தெரு தள்ளித்தான். அம்மாவும் கூப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே வீம்பு.

எழுபத்தொரு வயது எல்பியா பெந்தாங்கோர், பைசாந்து நகரத்தில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கியவள். நாற்பத்தொரு வருஷம் நின்ற காலோடு அடுத்தவர் வாய்க்குள் விரலை விட்டு வேலை பார்த்து, மாதம் தவறாமல் ஓய்வூதிய நிதிக்குச் சந்தா கட்டியவள். டாக்டர், வக்கீல், எஞ்சினியர் என்று பட்டம் வாங்கிச் சொந்தத் தொழில் செய்கிறவர்கள் எல்லாருக்கும் பொதுவான நிதி அது. இப்போது அது வற்றி அடியைத் தொட்டுவிட்டது. நிரப்புவதற்குப் புதுச் சட்டம் வருகிறது. ஓய்வு பெற்றவர்களின் பணத்தில் மாதாமாதம் வரி பிடிப்பார்களாம். வேலை செய்கிறவர்களின் சந்தாவை ஏற்றுவார்களாம். செவ்வாய்க்கிழமை நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. ரொட்டிக் கடையிலும் பஸ்ஸிலும் இதே சண்டைதான். கல்யாண வீட்டில்கூட வயசானவர்கள் ஒரு மேசை, இளசுகள் ஒரு மேசை என்று பிரிந்து உட்கார ஆரம்பித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை சமையலறை ரேடியோ சொல்லிற்று: "இன்று மாலை ஐந்து மணிக்கு ஓய்வு பெற்றோர் குழுவின் பொதுக்கூட்டம். தொழில் செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்துச் சந்தாவிலிருந்து தப்பித்துக்கொண்டு, மறைவாகத் தொழில் நடத்தும் பன்னிரண்டு பேரின் பெயர்களை டாக்டர் எல்பியா பெந்தாங்கோர் ஆதாரத்தோடு வாசிக்கிறார்."

எல்பியா ரேடியோவை அணைத்தாள். திரும்பவும் போட்டாள். நாய் பொமெலோ அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்குத் தம்பி ஓமார் வந்தான். நில அளவை எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன், குழுவின் தலைவர், வாய் ஓயாதவன். கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், கையில் அரக்கு முத்திரை வைத்த ஒரு பழுப்பு உறை.

"இந்தாக்கா, வெடிகுண்டு. மாபெல் கையால டைப் அடிச்சு, ஒட்டி, சீல் வச்சுக் கொடுத்தது. நான் பிரிக்கல."

"உறைக்குப் போய் எதுக்குடா அரக்கு?"

"முப்பத்தஞ்சு வருஷம் பத்திரம் பதிஞ்ச பொம்பளை. வீட்டுல சர்க்கரை டப்பாவுக்கும் சீல் வச்சிருப்பா."

"பன்னெண்டு பேர்னு ரேடியோல சொன்னான்."

"அவன் என்னிக்கு எண்ணிப் பேசினான்? பதினொண்ணுதான்." ஓமார் நாயின் தலையைத் தடவினான். "ஒரு தடவை வாசிச்சுப் பாத்துக்கோ. மேடையில நின்னு சத்தமா வாசிக்கணும்க்கா. நம்ம பணத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி இவனுங்களைப் பிடின்னு நாடே கேக்கணும்."

வழக்கமாக அரை மணி நேரம் உட்காருகிறவன், வேலை இருக்கிறது என்று ஐந்தே நிமிஷத்தில் கிளம்பிவிட்டான்.

இந்தப் பட்டியலின் கதையைச் சொல்லிவிட வேண்டும். இந்த நிதியில் ஒரு ஏற்பாடு உண்டு. தொழில் நடக்கவில்லையென்றால் "செய்யவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிடலாம். சந்தா கட்ட வேண்டாம். ஆனால் அன்றிலிருந்து ஒரு காகிதத்தில்கூடப் பட்டத்தின் பேரில் கையெழுத்துப் போடக் கூடாது, முத்திரை குத்தக் கூடாது. அப்படி எழுதிக் கொடுத்தவர்களின் ஜாபிதா எப்படியோ குழுவின் கைக்கு வந்தது. உடனே உறுப்பினர்கள் எல்லாரும் வீட்டு அலமாரியைக் குடைந்து, கடைசி இரண்டு வருஷத்தில் யார் யார் முத்திரை வைத்துக் கொடுத்த காகிதம் இருக்கிறதோ அத்தனையும் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பொருத்திப் பார்க்கும் வேலை பத்திரப்பதிவு செய்த மாபெல் திராவெர்ஸோவுக்கு. தீர்மானத்தைக் கொண்டுவந்தவளே எல்பியாதான். மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கட்டுமே என்று முதல் ஆளாக ஒரு செருப்புப் பெட்டி நிறையக் காகிதத்தைக் கொண்டுபோய் மாபெல் மேசையில் கவிழ்த்தவளும் அவள்தான்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் மாவு பிசைந்து ரொட்டி பொரிக்க வேண்டும். அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, பைசாந்தில் அந்த நேரத்துக்கு எல்லா வீட்டிலும் எண்ணெய் காய்கிறது. எல்பியா மாவைத் தட்டி வைத்துவிட்டு உறையை எடுத்தாள். அரக்கு ஒட்டியிருந்தது, ஆனால் மடிப்பு லேசாக இழுத்ததும் வந்துவிட்டது. காகிதம் வழக்கமான அளவைவிட ஒரு விரல் குட்டையாக இருந்தது. மாபெல் காகிதத்திலும் கஞ்சம் பிடிக்கிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

ஒன்று, ஒரு கண் டாக்டர். இரண்டு, நீச்சல் குளத்துக்கு உடல் தகுதிச் சான்று கொடுத்த ஒரு டாக்டர் பையன். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஆதாரம், அதைக் கொடுத்தவர் யார் என்ற விவரம். ஐந்து, ஆறு, எட்டு.

"9. லூர்தெஸ் இருரேத்தா பெந்தாங்கோர், கால்நடை மருத்துவர். ஆதாரம்: பொமெலோ என்னும் நாயின் தடுப்பூசி அட்டை, போன மே மாதம். கொடுத்தவர்: டாக்டர் எல்பியா பெந்தாங்கோர்."

எண்ணெய் புகைய ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு அடுப்பின் நினைவு வந்தது. அணைத்தாள். வேறு லூர்தெஸாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த நினைப்புக்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. வேறு பொமெலோ எங்கே இருக்கிறது?

வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அந்தச் சாவி இன்னும் ஒரே ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

தீவனக் கடைச் சீருடை மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட நின்றாள் லூர்தெஸ். நாற்பத்து மூன்று வயசு. நாய் அவள் மேல் விழுந்து புரண்டது. அவள் பார்வை மேசை மேல் இருந்த காகிதத்துக்குப் போயிற்று.

"காலையில ரேடியோவைக் கேட்டேன். என் பேரைப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"எத்தனாவது?"

"ஒன்பதாவது."

"பள்ளிக்கூடத்துல நான் ரெண்டாவதுக்குக் கீழ போனதே இல்ல," என்றாள் லூர்தெஸ். சிரிக்க முயன்றாள். வரவில்லை.

"எப்ப எழுதிக் கொடுத்த?"

"கிளினிக்கை மூடினப்ப. ரெண்டு வருஷம் ஆச்சு."

"கடையில வேலைக்குப் போனாலும் சந்தாவை விடாம கட்டுறேன்னு சொன்ன."

"சொன்னேன்."

"பொய்யா சொன்ன?"

"வேற என்ன சொல்றது? நிதியில மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நம்மளை ஒரு படி மேல ஏத்துறாங்க. நீ சம்பாதிச்சியா இல்லையான்னு எவனும் கேக்கறதில்ல, படி ஏறினா சந்தா ஏறும். அந்த வருஷம் எனக்கு வந்தது நாலு பூனை, ஒரு கிளி. எங்கேர்ந்து கட்டுறது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்டயா? வாராவாரம் ரேடியோல உக்காந்து, எழுதிக் கொடுத்துட்டு ஒளிஞ்சுக்கிறவங்க எங்க தட்டுலேர்ந்து திருடுறாங்கன்னு பேசுற. அதைக் கேட்டுட்டு வந்து, அம்மா, அது நான்தான்னு சொல்லணுமா?"

எல்பியா டாக்டர் புத்தியில் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"வேற எதுல கையெழுத்துப் போட்டிருக்க?"

"ஒண்ணுலயும் இல்ல. தெருவுல நாய் அடிபட்டுக் கெடந்தாலும் கட்டுப் போட்டுட்டு, காகிதம் வேணும்னா வேற டாக்டர்கிட்ட போங்கன்னு அனுப்பிடுவேன். இந்த ஒரே அட்டைதான்மா. உன்கிட்டயும் ரெண்டு தடவை சொன்னேன், ஊசி நான் போடுறேன், கையெழுத்துக்கு வேற ஆளைப் பாருன்னு."

எல்பியாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. மே மாதம் ஓய்வு பெற்றோர் சங்கத்து பஸ் வெந்நீர் ஊற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. நாயை விடுதியில் விடுவதற்கு அட்டை கேட்டார்கள். லூர்தெஸ் தயங்கினாள். சோம்பேறித்தனம் என்று இவள் நினைத்தாள்.

"முத்திரை என்ன தேஞ்சா போயிடும்னு கேட்டேன்," என்றாள் மெதுவாக.

"ஆமா. உன் படிப்புக்கு நான் செலவு பண்ணதுக்கு ஒரு கையெழுத்து பெறாதான்னும் கேட்ட."

எல்பியா உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. எழுபத்தொரு வயதில், சொந்தச் சமையலறையில், சொந்த மகள் முன்னால், பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பெண்ணைப் போல வெட்கம்.

"பேர் வெளிய வந்தா என்ன ஆகும்?"

"ரெண்டு வருஷமும் தொழில் பண்ணதாவே எடுத்துப்பாங்க. மொத்தச் சந்தாவும் அபராதத்தோட தலையில விழும். அதைத் தீர்க்காம சான்று கொடுக்க மாட்டாங்க, சான்று இல்லாம கிளினிக் திறக்க முடியாது." லூர்தெஸ் கோட்டுப் பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "துறைமுகத் தெருவுல ஒரு இடம் பிடிச்சிருக்கேன். அடுத்த மாசம் திறக்கலாம்னு. ஞாயித்துக்கிழமை அதைச் சொல்லத்தான் வந்தேன். நீ நிதியைப் பத்தி ஆரம்பிச்ச."

எல்பியா மாத்தேயை ஊற்றி நீட்டினாள். லூர்தெஸ் உறிஞ்சிக் குடித்தாள்.

"உன் பேரை மட்டும் விட்டுடறேன். கண்ணு சரியாத் தெரியல, ஒரு வரி தவறிப்போச்சுன்னு சொல்லிக்கறேன்."

"மத்த பத்துப் பேரை வாசிப்பியா?"

எல்பியா காகிதத்தை மடித்துத் திரும்ப உறைக்குள் போட்டாள்.

"அப்படி மட்டும் பண்ணின, இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன். அவங்களுக்கும் ஒரு நாய்க்குட்டி அட்டை இருந்திருக்கும்."

"அப்ப நான் என்னதான்டி பண்றது? கட்டுன்னாங்க, கட்டினேன். வயசானா தர்றோம்னாங்க, நம்பினேன். இப்ப கொடுத்த கையாலேயே திரும்ப எடுப்பாங்களாம். நான் வாயை மூடிட்டு உக்காந்திருக்கணுமா?"

"உக்காருன்னு யார் சொன்னா? உன் பணத்துல கை வைக்கறது அநியாயம்தான். நான் எங்க வேணா வந்து கத்தறேன். ஆனா எங்களைத் திருடங்கன்னு சொல்லித்தான் அதைக் காப்பாத்தணுமா?"

லூர்தெஸ் மாத்தேயைத் திருப்பிக் கொடுத்தாள். "நன்றி," என்றாள். நன்றி சொன்னால் அடுத்தது ஊற்றக் கூடாது. போதும் என்று அர்த்தம். ஒரே ஒரு சுற்று. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

நாலரைக்கு ஓமார் காரைக் கொண்டுவந்தான். வழியெல்லாம் அவன்தான் பேசினான். எத்தனை நாற்காலி, எந்தப் பத்திரிகை, ஒலிபெருக்கி யாருடையது. "என்னக்கா, வாசிச்சுப் பாத்தியா?" என்று ஒரு தடவை கேட்டான், ரோட்டைப் பார்த்தபடி. "பாத்தேன்," என்றாள். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. பாவம், தெரிந்தால் இவனும் துடிப்பான் என்று எல்பியா நினைத்துக்கொண்டாள்.

காரில் அவள் காகிதத்தை இன்னொரு தடவை பிரித்தாள். இந்தத் தடவை பெயர்களைப் பார்க்கவில்லை. "கொடுத்தவர்" என்று எழுதியிருந்ததை மட்டும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு போனாள். நீச்சல் குளச் சான்றைக் கொடுத்தது நில்தா, அந்தப் பையனின் அம்மா. மூக்குக் கண்ணாடிச் சீட்டைக் கொடுத்தது மாமனார். அடுத்ததில் ஒரு சித்தி. அவளைப் போலவே ஒவ்வொருவரும் அலமாரியைக் கவிழ்த்திருக்கிறார்கள். எதைக் கவிழ்த்தோம் என்று ஒருவருக்கும் தெரியாது.

சங்க மண்டபத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். நனைந்த கம்பளிக் கோட்டு வாசனை. மேடையில் ஓமார், அவனுக்குப் பக்கத்தில் நடவடிக்கைக் குறிப்பேட்டோடு மாபெல். மூன்றாவது வரிசையில் நில்தா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எல்பியாவைப் பார்த்து ஆர்வமாகத் தலையசைத்தாள். மகன் பெயர் இரண்டாவது என்று தெரியாத தலையசைப்பு.

எல்பியா மைக் முன் நின்றாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

"பேரை நான் வாசிக்கப் போறதில்ல," என்றாள்.

கை தட்டல் நின்றது.

"நம்ம பணத்துல வரி பிடிக்கக் கூடாது. அதுல எனக்கு மாத்தம் இல்ல. செவ்வாய்க்கிழமை தலைநகர் மொந்தெவிதேயோவுக்குப் போய் நாடாளுமன்ற வாசல்ல நிப்பேன். ஆனா இந்தக் காகிதத்துல இருக்கறவங்க திருடங்க இல்ல. இது என்ன தெரியுமா? நம்ம வீட்டு அலமாரி. நாம காசு கொடுக்காம ஓசியில வாங்கின கையெழுத்து."

"விலை போயிட்டீங்களா டாக்டர்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "வாசி, வாசி" என்று நாலைந்து பேர் நாற்காலியைத் தட்டினார்கள்.

மாபெல் எழுந்தாள். ஒல்லியாக, நெட்டையாக, மூக்கு நுனியில் கண்ணாடி. கோபமே இல்லாத குரல் அவளுக்கு.

"தீர்மானம் போட்டாச்சு டாக்டர். கொண்டுவந்ததே நீங்கதான். வாசிக்கணும். உங்களுக்கு முடியலைன்னா பரவாயில்ல, எங்கிட்ட நகல் இருக்கு." கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தாள்.

"ஒன்பதாவதுலேர்ந்து ஆரம்பிங்க," என்று மண்டபத்தின் கடைசியிலிருந்து ஒருத்தி சொன்னாள்.

இருநூறு தலையும் திரும்பிற்று. மழைக்கோட்டோடு சுவரோரம் நின்றிருந்தாள் லூர்தெஸ்.

"லூர்தெஸ் இருரேத்தா, கால்நடை டாக்டர். தொழில் செய்யலன்னு எழுதிக் கொடுத்துட்டு ஒரு அட்டையில கையெழுத்துப் போட்டேன். ஒரே ஒரு அட்டை. யார் கேட்டாங்கங்கறது இங்க தேவையில்ல. போட்டது நான்." மாபெல் பக்கம் திரும்பினாள். "மத்தவங்க பேரை அவங்கவங்களே சொல்லட்டும். நீங்க வாசிக்காதீங்க."

யார் கேட்டது என்று அவள் சொல்லவில்லை. அடுத்த மாதம் திறக்க வேண்டிய கதவைத் தன் கையாலேயே சாத்திவிட்டு, அம்மாவின் பெயரை மட்டும் வெளியே வராமல் காத்துவிட்டாள். எல்பியாவுக்குப் பெருமையா, வலியா என்று பிரிக்க முடியவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் கேட்டேன்," என்றாள். "அவ ரெண்டு தடவை மாட்டேன்னு சொன்னா. நான்தான் போட வச்சேன். அது என் நாய்."

யாரும் நாற்காலியைத் தட்டவில்லை. மூன்றாவது வரிசையில் நில்தா கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நீச்சல் குளச் சான்று இப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மாபெல் பேனாவைத் திறந்தாள். "இது குறிப்பேட்டுல ஏறும் டாக்டர். ஏறினா நிதிக்குப் போகும். எழுதட்டுமா?"

"எழுதுங்க. என் பேரை முதல்ல எழுதுங்க."

மாபெல் எழுதினாள். முத்து முத்தான கையெழுத்து. "அப்ப மொத்தம் பதிமூணு," என்றாள்.

"பன்னெண்டு. பதினொண்ணு, அப்புறம் நான்."

"பட்டியல்லயே பன்னெண்டு டாக்டர். நான்தானே டைப் அடிச்சேன்."

தன் நகலை மாபெல் நீட்டினாள். பதினொன்றுக்குக் கீழே இன்னொரு பெயர் இருந்தது. "12. ஃபப்ரிஸியோ பெந்தாங்கோர், கட்டட வடிவமைப்பாளர். ஆதாரம்: கார் கொட்டகை வரைபடம். கொடுத்தவர்: ஓமார் பெந்தாங்கோர்."

ஃபப்ரிஸியோ, ஓமாரின் ஒரே மகன்.

எல்பியா தன் காகிதத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். ஒரு விரல் குட்டை. அடிப்பக்கம் கத்தரிக்கோல் போன தடம், லேசாகக் கோணல். நான் பிரிக்கல என்று சொன்னவன், பதினொண்ணுதான் என்று எப்படிச் சொன்னான்? அடியில் இருந்த பெயரை வெட்டலாம், நடுவில் இருக்கும் பெயரை வெட்ட முடியாது. வெட்ட முடிந்ததை வெட்டிவிட்டு மற்றதை அக்காவின் கையில் கொடுத்திருக்கிறான். சத்தமா வாசிக்கணும்க்கா என்றும் சொல்லியிருக்கிறான்.

திரும்பிப் பார்த்தாள். ஓமாரின் நாற்காலி காலியாக இருந்தது. குடை மட்டும் அதன் முதுகில் மாட்டிக்கொண்டிருந்தது.

லூர்தெஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்து அம்மாவின் கோட்டை எடுத்துக் கொடுத்தாள். "வாம்மா போலாம். மழை வலுக்குது. மாமா காரைக் கொண்டு வரட்டும், வாசல்ல நிப்போம்."

"கொண்டு வரமாட்டான்," என்றாள் எல்பியா.